சத்தம் போடாத இரத்தம்

9

இறந்துபோனவளின் இரத்தம் மிக நல்ல இரத்தமாக இருந்தது. வழக்கே அதுதான்.

டொக்டர் சோமசேகரம் மேசையில் கிடந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மாட்டாமல் மறுபடியும் வைத்தார். வயிற்றைத் திறந்து மூடுவதையே தொழிலாகக் கொண்ட கை அது. எதிர்க் கதிரையில் சீலா இருந்தாள்.

"வயித்தை ஒருக்கால் வெட்டித் திறந்தால், காயம் ஆறேக்கை உள்ளுக்கை குடலும் குடலும் ஒட்டிக்கொள்ளும், மிஸ். சிலபேருக்கு அது இறுகி, குடல் அடைச்சுப்போகும். ஆருக்கு அப்பிடி வரும் எண்டு முன்கூட்டிச் சொல்ல ஏலாமல்தான் இவ்வளவு காலமும் இருந்தம். நான் அதை இரத்தத்திலை பாக்கலாம் எண்டு நினைச்சன்."

"இரத்தத்துக்கு என்னெண்டு தெரியும்?"

"வெட்டுப்பட்ட உடம்பு சும்மா இராது. அடுத்த நாளே இரத்தம் சத்தம் போடும். காயம், காயம் எண்டு கத்தும். அந்தக் கத்தலை அளக்கிறதுக்கு இரத்தத்திலை சில அடையாளங்கள் இருக்கு. கொஞ்சம் கத்திப்போட்டு ஓய்ஞ்சால் நல்லது. அளவுக்கு மிஞ்சிக் கத்தினால் ஒட்டப்போகுது எண்டு அர்த்தம். அப்பிடியான ஆக்களை நாங்கள் விடமாட்டம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாப்பம். துளி நோ எண்டாலும் ஓடி வாங்கோ எண்டு சொல்லி வைப்பம்."

"தர்சினியின்ரை இரத்தம்?"

"கத்தவே இல்லை." டொக்டர் சன்னலைப் பார்த்தார். "குடல்வால் வெடிச்சு வந்த பிள்ளை. ஒப்பரேசனுக்கு அடுத்த நாள் எடுத்த இரத்தம், நல்லூர் வீதியிலை கச்சான் கொறிச்சுக்கொண்டு நிக்கிற ஆளின்ரை இரத்தம் மாதிரிக் கிடக்கு. அதாலை நாங்கள் அவளைக் கூப்பிடேல்லை. பிறகு குடல் அடைச்சு வந்தாள். பிந்தி வந்தாள். திறந்து பாத்தால் உள்ளுக்கை வலை பின்னினமாதிரி ஒட்டியிருந்தது."

 ஒப்பரேசன் மேசையில் கிடந்து செத்தாள் என்பது ஊருக்கே தெரியும்.

இரத்தம் மாறிவிட்டது என்று வைத்தியசாலை முடிவு கட்டியிருந்தது. குழாய்களைக் கையாண்டவள் ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த அபிகாயில். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று பின்னேரம் விசாரணை. வேலை போவது மட்டுமல்ல, ஒரு பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயரும் அவளோடு போகும்.

சீலாவிடம் வந்தவர் செத்தவளின் தகப்பன் கதிரவேலு. மட்டுவிலில் கத்தரித்தோட்டம் செய்கிறவர். ஒரு ஆயுள் காப்புறுதிக் கம்பனிக்காக மரணங்களை விசாரித்தே பாதி வயதைக் கழித்தவள் சீலா. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். காணாமற்போன மாப்பிள்ளைகள், காணி உறுதியில் விழுந்த கள்ளக் கையெழுத்துகள், இப்படி. கதிரவேலு அவள் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு ஒரு பேர் வேணும் பிள்ளை. ஆர் செய்தது எண்டு ஒரு பேர். பிறகு நான் அழுதுகொள்ளுவன்."

"நீங்கள் கேட்டபடி, மிச்சம் வைச்ச இரத்தத்திலை குறூப் பாத்தம்," என்றார் டொக்டர். "ஏபி நெகட்டிவ். தர்சினியின்ரை குறூப். அண்டைக்கு அந்த வாட்டிலை வேறை ஒருத்தருக்கும் அது இல்லை."

"அப்ப குழாய் மாறேல்லை."

"மாறேல்லை. ஆனா விசாரணைக்கு உது காணாது. அளக்கிறதிலை பிழை விட்டாள் எண்டுவினம். அவளின்ரை இரத்தம் ஏன் அமைதியா இருந்தது எண்டு சொன்னால்தான் அந்தப் பிள்ளை தப்பும்."

"இரத்தத்தின்ரை வாயை ஆரும் பொத்த ஏலுமோ டொக்டர்?"

"ஏலும். ஸ்டீரொயிட் மருந்து. உடம்பின்ரை கத்தலை அப்பிடியே அமத்திப்போடும். நான் முதல் நினைச்சதே அதைத்தான். ஆனா அவளை அனுமதிக்கேக்கை நானே நேரை கேட்டனான், ஏதும் மருந்து எடுக்கிறவளோ எண்டு. பிள்ளைக்கு நோவிலை வாய் திறக்க ஏலாது. தேப்பன் பக்கத்திலை நிண்டவர். இல்லை எண்டவர். இன்னொருக்காலும் கேட்டனான். அப்பவும் இல்லை. பொய் சொல்லுற முகம் இல்லை அது."

பொய் சொல்லாத முகங்களைத்தான் சீலாவுக்குப் பயம். பொய்யை உடைக்கலாம். உண்மையாகவே பிழையாகச் சொல்கிறவனை என்ன செய்வது?

வெளியே வாங்கில் றூபனும் அபிகாயிலும் இருந்தார்கள். றூபன் குருநகர்க்காரன். கடலை விட்டு ஓட்டோவுக்கு வந்தவன். சீலாவின் சாரதி, உதவியாள், சில வேளைகளில் தலையிடி.

"அக்கா, இந்தப் பிள்ளைக்கு நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறன்," என்றான். "மீன் மாறினால் மணத்திலை பிடிக்கலாம். இரத்தம் மாறினால் ஆர் மணந்து பாக்கிறது எண்டு கேட்டன். அழுகை கூடிப்போச்சு."

"உன்ரை ஆறுதலுக்கு அழாமல் என்ன செய்யும்? அபிகாயில், இரத்தம் அவளின்ரைதான். ஒத்துக்கொண்டிட்டினம்."

அபிகாயில் கண்ணைத் துடைத்தாள். ஆனால் முகம் தெளியவில்லை. "எண்டாலும் அன்ரி, எனக்குக் கை பாரம்தான் போலை. அந்த அக்காவுக்கு நான் மெல்லமாத்தான் குத்தினது. எடுத்த கையோடை முழங்கை முழுக்க நீலம் பாரிச்சிட்டுது. அடிச்சு வைச்சமாதிரி. அவ சிரிச்சுக்கொண்டு, எனக்கு இப்ப தொட்டாலே நீலம்தான் எண்டு சொன்னவ. நான் பயந்திடுவன் எண்டு அப்பிடிச் சொன்னவவாக்கும்."

சீலா அதை மனதில் முடிந்துகொண்டாள். என்ன முடிச்சென்று அப்போது தெரியவில்லை.

செம்மணி வெளியைக் கடக்கையில் வெக்கை ஓட்டோவுக்குள் புகுந்து முகத்தில் அறைந்தது. உப்புப் பூத்த தரை கண்ணைக் கூசச் செய்தது.

"இரத்தம் அமைதியா இருந்ததாம்," என்றான் றூபன். "என்ரை மனிசியின்ரை இரத்தம் ஒருநாளும் அப்பிடி இருந்ததில்லை. அந்த ஸ்டீரொயிட் எங்கை அக்கா வாங்கலாம்?"

"றோட்டைப் பாத்து ஓடு."

"மட்டுவிலுக்கு ஏன் போறம்? கதிரவேலு ஐயாதான் பின்னேரம் விசாரணைக்கு வாறாரே?"

"ஏத்திக்கொண்டு வருவம். அதுக்கு முதல் அந்தப் பிள்ளை சாப்பிட்ட வீட்டை ஒருக்கால் பாக்கவேணும்."

"பாருங்கோ. சைவச் சாப்பாட்டு வீடு. எனக்கு அங்கை தேத்தண்ணி மட்டும்தான் கிடைக்கும். அதையும் நல்லாக் குடிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

சாவகச்சேரிச் சந்தியில் திரும்பி, கத்தரிச்செடிகள் இருபக்கமும் ஊதாப் பூவோடு நிற்கும் ஒழுங்கைக்குள் ஓட்டோ இறங்கியது. கதிரவேலு படலையில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. புறப்பட்டு நிற்கிறார். அவர் படலையைத் திறந்தபோது அதன் தடி முன்கையில் பட்டது. பெரிய அடி இல்லை. ஆனால் சட்டைக் கைக்குக் கீழே ஏற்கெனவே மூன்று நான்கு நீலத் திட்டுகள் இருந்தன.

"காயம் பட்டிட்டுதோ அண்ணை?"

"சே, வயது போனால் தோல் கடதாசிதானே. பேர் கிடைச்சுதோ பிள்ளை?"

"இன்னும் இல்லை. ஆனா இரத்தம் தர்சினியின்ரைதான். மாறேல்லை."

கதிரவேலுவின் வட்ட முகம் கறுத்தது. "ஆர் சொன்னது?"

"பரிசோதிச்சவை."

"பரிசோதிச்சது அந்தப் பெட்டையின்ரை ஆக்கள்தானே?" அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது. "அவளும் வேதக்காரப் பிள்ளை. நீங்களும் வேதக்காரர். நான் தெரியாமல் உங்களிட்டை வந்திட்டன் போலை."

றூபன் வாயைத் திறந்தான். சீலா அவன் தோளில் கை வைத்தாள். மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவள் என்பதற்காக இதைவிடக் காரமாகவும் கேட்டிருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் வாதாடுகிறவள் மனிசியில்லை.

"நான் ஆற்றை பக்கமும் இல்லை அண்ணை. ஒருக்கால் உள்ளுக்கை வரலாமோ?"

வீட்டுக்குள்ளே பாலேஸ்வரி இருந்தாள். செத்தவளின் தாய். கண்ணீர் வற்றி, வீட்டு வேலைகளைக் கை மட்டும் செய்துகொண்டிருந்தது. கேளாமலே தேத்தண்ணி வந்தது. சுவரில் மாலை போட்ட படம். கன்னம் இரண்டும் பூரித்து, முகம் முழு நிலவாய், சிரித்தபடி ஒருத்தி. அலுமாரிக்கு மேலே இன்னொரு படம், பட்டமளிப்பு உடுப்போடு. ஒடுங்கிய முகம், கூரிய நாடி.

றூபன் கோப்பையை உறிஞ்சிவிட்டு, பேச்சை எப்படியாவது தொடங்கவேண்டும் என்று, அலுமாரியைக் காட்டினான். "உது தமக்கையோ அம்மா? இப்ப எங்கை இருக்கிறா?"

பாலேஸ்வரி படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஒண்டுதான் தம்பி," என்றாள் பாலேஸ்வரி. "அதுவும் அவள்தான்."

றூபன் கோப்பைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. எனக்குக் கண் சரியில்லை."

"உம்மிலை பிழையில்லை. எல்லாரும் அப்பிடித்தான் கேக்கிறவை. எலும்பும் தோலுமா இருந்தவள். கலியாணம் பேசி ஒப்பேறின கையோடை முகம் பூரிச்சுது பாருங்கோ, ஊரே கண் வைச்சுது. கலியாணக் களை எண்டு சொல்லிச் சொல்லியே கண்ணூறு பட்டுப்போச்சு."

சீலா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். 

காப்புறுதிக் கம்பனியில் இருந்தபோது ஒரு கோப்பில் இப்படி இரண்டு படங்கள் வந்தன. பதிவுக்குக் கொடுத்தது ஒன்று, சாவதற்கு முந்தியது ஒன்று. இரண்டும் வேறு ஆள் என்று அவள் சத்தியம் செய்தாள். கம்பனி டொக்டர் சிரித்தார். ஆள் ஒன்றுதான், முகத்தை ஊதியது மருந்து என்றார். கன்னம் பூரிக்கும், தோல் கடதாசியாகும், தொட்ட இடம் நீலம் பாரிக்கும் என்றும் சொன்னார். அபிகாயிலின் கை பாரமில்லை.

அவள் திரும்பிக் கதிரவேலுவைப் பார்த்தாள். தோட்டம் கொத்தும் மெலிந்த உடம்பு. அதன்மேல் அந்த வட்ட முகம். முன்கையில் நீலத் திட்டுகள்.

கர்த்தாவே, என்று மனதுக்குள் சொன்னாள்.

"தர்சினிக்கு வேறை வருத்தம் ஏதும் இருந்ததோ அம்மா?"

"தொய்வு. சின்ன வயசிலை இருந்து. மாரி வந்தால் மூச்சு இழுத்து இழுத்துச் செத்துப் பிழைப்பாள். நல்லூரிலை ரியூசனுக்குக் கணக்குப் படிப்பிக்கப் போறவள், பாதி வழியிலை சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு இருந்திடுவாள்." பாலேஸ்வரியின் குரலில் முதல்முறையாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "அதுவும் போட்டுது. போன ஆடியோடை ஒரு இழுப்பும் இல்லை."

"என்ன மருந்து எடுத்தவ?"

"மருந்து ஒண்டும் எடுக்கேல்லை," என்றார் கதிரவேலு உடனே. டொக்டரிடம் சொன்ன அதே நேர்மையான முகம். பாலேஸ்வரியும் தலையாட்டினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை. ஒளிக்கிறவர்கள் பார்ப்பார்கள்.

பிழை பதிலில் இல்லை என்று சீலாவுக்குப் பட்டது. பிழை கேள்வியில். இந்த வீட்டில் அந்தச் சொல் வேறு எதற்கோ பெயர். அவள் கோப்பையை வைத்தாள். வேறு சொல்லைத் தேடினாள்.

"மருந்தில்லாமல் தொய்வு போறதெண்டால் பெரிய விசயம் அம்மா. என்ன நேர்த்தி வைச்சனீங்கள்?"

பாலேஸ்வரியின் கண் பளிச்சிட்டது. "கீரிமலைக்கு. ஆடி அமாவாசைக்கு நான் தனியப் போய்த் தீர்த்தமாடினன். வாற வழியிலை, கோயிலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, றோட்டுக்கரையிலை ஒரு குடைக்குக் கீழை காவி கட்டின ஐயா ஒருத்தர் இருந்தார். பிள்ளைக்குத் தொய்வோ எண்டு நான் சொல்லாமலே கேட்டார். விபூதியிலை பிரட்டி உருண்டை தந்தார். பிறகு அமாவாசைக்கு அமாவாசை போய் நான்தான் வாங்கி வாறனான்."

அவள் எழுந்து சாமியறைக்குப் போனாள். விபூதித் தகரமொன்றோடு வந்தாள். உள்ளே, திருநீற்றில் புதைந்து, மிளகளவு கறுப்பு உருண்டைகள்.

"பிள்ளைக்குத் தேனிலை குழைச்சுக் குடுக்கிறது. எனக்கும் இவருக்கும் முழங்கால் உளைவு. நாங்களும் ஒவ்வொண்டு. இவர் இப்ப பூனைமாதிரி நடக்கிறார்."

"இது மருந்தில்லையோ அம்மா?" என்றான் றூபன். இந்தமுறை பகிடி இல்லை.

"ஐயையோ!" பாலேஸ்வரி அவன் வாயைப் பொத்துமாப்போலக் கையைத் தூக்கினாள். "அந்தச் சொல்லைச் சொல்லாதையும் தம்பி. ஐயா முதல் நாளே சொன்னவர், இது பிரசாதம், மருந்தெண்டு வாயாலை சொன்னால் அண்டையோடை பலிக்காது எண்டு. டொக்டர்மார் கேப்பினம், அப்பவும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவர்."

கதிரவேலு தலையாட்டினார். "பிள்ளை அந்தக் கட்டிலிலை துடிக்கேக்கை அந்தச் சொல்லைச் சொல்லி என்னெண்டு பிள்ளை பலத்தைக் கெடுக்கிறது? இல்லை எண்டன். உண்மையும் அதுதானே. மருந்தில்லைத்தானே?"

வெளியே கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.  ஒப்பரேசனுக்குப் பிறகும் உருண்டை கொடுத்தார்களா என்ற கடைசிக் கேள்வியைக் கேட்காமல் எழுந்துவிடலாம் என்று சீலா நினைத்தாள். ஆனால் பாலேஸ்வரி கேட்கக் காத்திருக்கவில்லை.

"ஒப்பரேசன் முடிஞ்சு வீட்டை வந்த பிறகு திரும்ப வயித்து நோ எண்டாள். ஆசுப்பத்திரியிலை இருந்து ஒரு போனும் வரேல்லை, அப்ப பெரிசா ஒண்டும் இராது எண்டு இருந்தம். நான் ஒண்டுக்கு ரெண்டாக் குடுத்தன். நோ ஓடிப்போச்சு பிள்ளை. அண்டைக்கு எழும்பி வந்து என்னோடை இருந்து கதைச்சவள், சிரிச்சவள். பிறகு ஒரேயடியா விழுந்திட்டாள். நான் என்னெல்லாம் செய்தன், என்ரை கையை மீறிப் போட்டுது."

றூபன் எழுந்து வெளியே போனான். ஓட்டோவைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"எனக்கும் ரெண்டு உருண்டை தருவியளோ அம்மா?" என்றாள் சீலா. "எங்கடை அம்மாவுக்கும் முழங்கால் ஏலாது."

"வடிவா எடுங்கோ!" பாலேஸ்வரி கடதாசியில் திருநீறோடு சுற்றிக் கொடுத்தாள். சீலாவின் கையை ஒருமுறை அழுத்தினாள். "குடுங்கோ, கெதியாச் சுகம் வரும். ஆனா மருந்தெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

ஒழுங்கைக்கு வந்து சீலா டொக்டருக்குப் போன் எடுத்தாள். இரு படங்களின் முகத்தை, நீலத்தை, தொய்வு போனதை, உருண்டையைச் சொன்னாள். 

"கொழும்புக்கு அனுப்பித்தான் உறுதி சொல்லலாம்," என்றார் டொக்டர். "ஆனா எனக்குச் சந்தேகமில்லை. இரத்தத்தை அமத்தினதும் அதுதான், பிறகு நோவை மறைச்சதும் அதுதான். நோ தெரிஞ்சிருந்தால் நேரத்தோடை வந்திருப்பாள், மிஸ்." சற்று நின்று, "நாங்களும் சத்தம் போடாததை நல்லது எண்டு நினைச்சம்," என்றார்.

திரும்பும் வழியில் கதிரவேலு பின் இருக்கையில் சீலாவுக்குப் பக்கத்தில் இருந்தார். ஓட்டோ நாவற்குழிப் பாலத்துக்கு வந்தது. றூபன் வழமையாகப் போடும் பாட்டைப் போடவில்லை.

"நீங்கள் கண்டுபிடிச்சிட்டியள்," என்றார் கதிரவேலு. "அந்தச் சாமானை வாங்கேக்கை உங்கடை கையைப் பாத்தனான். அம்மாவுக்கு வாங்கிற கை அப்பிடி எட்டப் பிடிக்காது. சொல்லுங்கோ."

எத்தனையோ வீடுகளில் சீலா மரணத்தின் காரணத்தைச் சொல்லியிருக்கிறாள். கம்பனிக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். காரணம் கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோசம் உண்டு, அதை மறுத்து என்ன? இன்று அது வாயில் கசந்தது. சொல்லாமல் விட்டால் அபிகாயில் போவாள். அந்த வீட்டில் அந்தத் தகரம் திறந்தபடி இருக்கும்.

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், மெல்ல, ஒவ்வொன்றாக. உருண்டைக்குள் என்ன இருக்கிறது, அது ஏன் தொய்வை நிறுத்தியது, முகம் ஏன் பூரித்தது, தன் கை பாரம் என்று அபிகாயில் நினைத்த நீலம் எதனால் வந்தது, இரத்தம் ஏன் சத்தம் போடவில்லை, ஏன் ஒருவரும் கூப்பிடவில்லை.

கதிரவேலு கடைசி வரை கேட்டார்.

"அப்ப அண்டைக்கு நோ போனது?"

"போகேல்லை அண்ணை. மறைஞ்சு நிண்டது."

"தம்பி, ஒருக்கால் நிப்பாட்டும்."

செம்மணி வெளியில் ஓட்டோ நின்றது. அவர் இறங்கி உப்புத் தரையில் கொஞ்சத் தூரம் நடந்தார். வேட்டி காற்றில் அடித்தது. பூனைபோல நடக்கிறார் என்று பாலேஸ்வரி சொன்னது சரிதான். உளைவு இல்லாத கால். அந்தக் கால் நடு வெளியில் மடிந்து குந்தியது. சத்தம் ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

றூபன் கைபிடியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தான். "கெட்டிக்காரக் கள்ளன் அக்கா. மருந்தெண்டு சொல்லாட்டில் சட்டமும் பிடிக்காது, டொக்டரும் பிடிக்க மாட்டார். ஒரு சொல்லுக்குள்ளை ஒளிச்சிருக்கிறான்."

"ஓம்."

"வாற அமாவாசைக்கு நான் அந்தக் குடைக்குக் கீழை போய் நிப்பன்."

"நானும் வாறன்."

கதிரவேலு திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. முகத்தைச் சால்வையால் துடைத்துவிட்டு, ஏறி இருந்தார். றூபன் ஓட்டோவை எடுக்கப்போனான். அவர் தடுத்தார்.

"பிள்ளை. வாங்கினது என்ரை மனிசி. குடுத்தது அவள். ரெண்டாக் குடுத்ததும் அவள்தான்."

"ஓம் அண்ணை."

"நான் உங்களிட்டைப் பேர் கேட்டு வந்தன்." அவர் தன் கையில் இருந்த நீலத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "என்ரை வீட்டுக்கை இருந்த பேரைத் தேடித் தந்திட்டியள். அவள் ஒரு பிள்ளைக்காக எத்தினை கோயில் ஏறினவள் தெரியுமோ? இது தெரிஞ்சால் அண்டைக்கே கிணத்திலை கிடப்பாள்."

சீலா மடியில் இருந்த கடதாசிச் சுருளைப் பைக்குள் வைத்தாள்.

"நான் அவளிட்டைச் சொல்லுவன், அவளின்ரை உருண்டை இல்லை, நான் டவுனிலை வாங்கின உளைவுக் குளிசையை அவளுக்குத் தெரியாமல் பிள்ளைக்குக் குடுத்தனான் எண்டு. என்னைத் திட்டட்டும். சாகும்வரைக்கும் திட்டட்டும். ஆளிருந்தால்தானே திட்டுவாள்?" பிறகு, மிகத் தாழ்ந்த குரலில், "அந்தப் பிள்ளையை வேதக்காரப் பெட்டை எண்டு சொன்னன். அதையும் நான்தான் பாத்துக்கொள்ளவேணும்."

விசாரணை அறையில் மூன்று பேர் ஒரு நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் சோமசேகரம். ஒரு பக்கக் கதிரையில் அபிகாயில், கைகளை மடியில் கோத்தபடி. கதிரவேலு உள்ளே வந்தவுடன் அவள் எழுந்து நின்றாள், அடி வாங்க நிற்கும் பிள்ளைபோல.

கதிரவேலு அவளுக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் கூப்பினார். "மகளே, உம்மிலை பிழையில்லை. உம்மடை கை பாரமில்லை."

அபிகாயில் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் இருமினார்.

சோமசேகரம் கண்ணாடியை மாட்டினார். தர்சினியை அனுமதித்த நாளில் கேட்ட அதே கேள்வியை, அதே சொற்களில் கேட்க அவருக்குச் சற்று நேரம் எடுத்தது.

"ஐயா, உங்கடை மகள் ஏதும் மருந்து எடுத்தவவோ?"

கதிரவேலு அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிலில் துடித்த பிள்ளைக்காக வாயில் வராமல் காத்த சொல். பலிக்காமல் போய்விடும் என்று பயந்த சொல். இனிப் பலிப்பதற்கு என்ன இருக்கிறது?

"ஓம்," என்றார். "மருந்து எடுத்தவள்."

"நீங்களும்?"

"ஓம். வீட்டிலை மனிசியும்."

"அப்ப ஒண்டு சொல்லவேணும். கவனமாக் கேளுங்கோ. இண்டைக்கு அதைத் திடீரெண்டு நிப்பாட்டக்கூடாது. உடம்பு அதுக்குப் பழகியிருக்கும், நிப்பாட்டினால் உயிருக்கு ஆபத்து. நான் வேறை குளிசை தாறன், கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் விடாமல் போடவேணும்."

தன் பிள்ளையைக் கொன்றதை இன்றிரவும் விழுங்கவேண்டும். நாளைக்கும். கதிரவேலு தலையாட்டினார். "போடுறன்," என்றார். "அவளுக்கும் நானே குடுக்கிறன்."

பக்கத்தில் இருந்தவர் பேனையைத் திறந்தார். "உருண்டையை வாங்கிக் குடுத்தது ஆர்?"

சீலா கதவோரம் நின்றாள். பொய் ஒன்று தன் முன்னால் கடந்து போவதை அவள் ஒருநாளும் விட்டதில்லை. அதற்குத்தான் சம்பளம் வாங்கியவள். கதிரவேலு அவளைத் திரும்பிப் பார்த்தார். கெஞ்சும் பார்வை அல்ல. சொல்லப்போகிறாயோ என்று கேட்கிற பார்வை. அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். முற்றத்தில் றூபன் ஓட்டோவுக்குள் தனியே இருந்தான், தலையைக் கைபிடியில் கவிழ்த்தபடி.

"நான்தான்," என்றார் கதிரவேலு.

"பேர்?"

"எழுதுங்கோ," என்றார் அவர். எந்த எழுத்தும் தவறக்கூடாது என்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கதிரவேலு."